அந்தச் சிவப்புக் கார் எங்கே?

புது ஆட்டம் வந்துவிட்டது. படம் கண்ணைப் பறிக்கிறது. கார் காற்றாய்ப் பறக்கிறது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவர் முகத்தில் களை இல்லை. "என்ன இருந்தாலும் பழைய ஆட்டம் மாதிரி வருமா?" என்கிறார். ஏன் அப்படி?

தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது கடத்தூர். சிறிய பேரூர். தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள பக்கம். ரெயில் ஏற வேண்டுமானால் பொம்மிடிக்குப் போக வேண்டும். வேலை தேடும் வாலிபர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள்.

இந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எந்த வீடாகவும் இருக்கலாம். அண்ணனுக்கு வயது 35. ஓசூரில் தொழிற்சாலை வேலை. தம்பிக்கு 30. அண்ணன் மகனுக்கு 9.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறார். கையில் புதிதாக வாங்கிய கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் சமாசாரம். மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்காருகிறார்கள்.

கால் மணி நேரம் ஆகிறது. அண்ணன் ரிமோட்டைக் கீழே வைக்கிறார்.

"இதுல என்னடா இருக்கு? அந்தச் சிவப்புக் கார் ஆட்டம்தான் ஆட்டம்!"

"போண்ணா! போலீஸ் துரத்துமே, அதுக்கு ஈடு உண்டா?" என்கிறார் தம்பி.

"ரெண்டும் வேண்டாம்ப்பா. என் போன்ல பஸ் ஓட்டலாம் வாங்க!" என்கிறான் பையன்.

மூன்று பேர். மூன்று கட்சி. யார் சொல்வது சரி?

மூவரும் சொல்வது சரிதான்! எப்படி என்று பார்க்கலாம்.

முதல் பந்தயம் தெருவில்

கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் பந்தயக் கார் எது? நுங்கு வண்டிதான். நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு பனங்காய்க் கூடு. நடுவில் ஒரு குச்சி. தள்ள ஒரு கவைக்கோல். வண்டி தயார்! அது இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டயர். கையில் ஒரு குச்சி. வாயில் "டுர்ர்" என்று சத்தம். என்ஜின் வாயிலேயே இருந்தது!

யார் முந்துவது என்பதுதான் பந்தயம். தோற்றவன் அழுவான். ஜெயித்தவன் தெருவுக்கே ராஜா. காசு செலவில்லை. ஆனால் கூட ஓட ஒருவன் வேண்டும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

உலகத்தின் வேறு மூலையில் பந்தயம் திரைக்குள் புகுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி 1974-ல் "கிரான் டிராக் 10" என்ற கார்ப் பந்தய யந்திரத்தை வெளியிட்டது. 1982-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி "போல் பொசிஷன்" ஆட்டத்தைக் கொண்டுவந்தது. நாணயம் போட்டால் ஓடும் யந்திரங்கள் அவை. அடுத்த ஆண்டு, 1983-ல், ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் "பாமிகாம்" என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. கதை சூடு பிடித்தது அங்கேதான்.

கேசட் காலம்

அந்தப் பெட்டியைப் பார்த்துப் பலர் நகல் பெட்டிகள் செய்தார்கள். விலை மலிவு. 1990-களில் அவை தமிழ்நாட்டுக் கடைகளில் குவிந்தன. பெட்டியின் பெயர் யாருக்கும் முக்கியமில்லை. எல்லாருக்கும் அது "டி.வி. கேம்"தான். அதில் செருகும் மஞ்சள், சிவப்புக் கேசட்டுகள்! அட்டையில் "9999 ஆட்டங்கள்" என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து இருபது ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை!

அந்த ஆட்டங்களில் ஒன்று "ரோடு பைட்டர்". ஜப்பானின் கொனாமி கம்பெனி 1984-ல் செய்தது. மேலிருந்து பார்ப்பது போல ஒரு சாலை. அதில் ஒரு சின்னச் சிவப்புக் கார். எதிர்ப்படும் வண்டிகளை இடிக்காமல் முந்த வேண்டும். பெட்ரோல் குறைந்துகொண்டே வரும். பல வண்ணக் கார் ஒன்று வரும். அதைத் தொட்டால் பெட்ரோல் கிடைக்கும். வேகம் 400 கிலோமீட்டர் வரை ஏறும். அவ்வளவுதான் ஆட்டம்!

நம் கடத்தூர் அண்ணன் அப்போது எட்டு வயதுப் பையன். எல்லா வீட்டிலும் டி.வி. கிடையாது. டி.வி. உள்ள வீட்டு வாசலில் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவார்கள். அடாப்டர் சுட்டால் விசிறுவார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும்.

"அண்ணா, எனக்கு ஒரு தடவை குடுண்ணா!"

"இருடா, இந்தக் கார் செத்ததும் தர்றேன்."

கார் சாகாது! தம்பி நச்சரித்தால் இரண்டாவது ரிமோட்டைக் கொடுப்பார்கள். அது பெட்டியோடு சேர்ந்திருக்காது. தம்பி தானே கார் ஓட்டுவதாக நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்பான். உண்மை தெரியும்போது வீடு இரண்டுபடும்!

பிரவுசிங் சென்டரில் அடிதடி

2000-ம் ஆண்டை ஒட்டிய காலம். ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு. அங்கே பிள்ளைகளை இழுத்தது "ரோடு ராஷ்" என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம். அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 1991-ல் முதலில் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்பு 1996-ல் வந்தது.

இதில் முந்தினால் மட்டும் போதாது. பக்கத்தில் வருகிறவனை உதைக்கலாம். அவன் கையில் உள்ள தடியைப் பிடுங்கி அவனையே அடிக்கலாம். விழுந்தால் எழுந்து ஓடி வந்து வண்டியில் ஏற வேண்டும். அதற்குள் போலீஸ்காரர் பிடித்துவிட்டால் அபராதம். பின்னால் நின்று பார்ப்பவர்கள் போடும் சத்தத்தில் சென்டர்காரர் அதட்டுவார். ஒருவன் காசில் நாலு பேர் ஆடிய காலம் அது.

இலவச லேப்டாப்பில் வந்த கார்

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. டி.வி. இல்லாத வீடுகளுக்கும் டி.வி. வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பிள்ளைகள் தங்கள் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பினார்கள். 2011-ல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் சொந்தக் கம்ப்யூட்டர்!

படிக்கத்தான் கொடுத்தார்கள். படித்தார்கள். படித்து முடித்த பிறகு? ஒருவன் பென் டிரைவில் ஓர் ஆட்டம் கொண்டுவருவான். ஒரே வாரத்தில் வகுப்பு முழுவதும் பரவிவிடும். அப்படிப் பரவியவற்றில் பேர் பெற்றது "நீட் பார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்". இதுவும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியுடையதுதான். வெளிவந்த ஆண்டு 2005.

அதில் ஒரு கதை உண்டு. கதாநாயகனிடம் நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு பி.எம்.டபிள்யூ கார் இருக்கிறது. வில்லன் சூழ்ச்சி செய்து அதைப் பறித்துக்கொள்கிறான். 15 பேர் கொண்ட பட்டியலில் ஒவ்வொருவராக ஜெயித்து, கடைசியில் வில்லனையும் ஜெயித்தால் கார் திரும்பக் கிடைக்கும். இடையில் போலீஸ் துரத்தல். தமிழ் சினிமாவுக்கு ஏற்ற கதை! தம்பிக்கு அந்தக் கார் தன் கார். அந்த வில்லன் தன் எதிரி.

பெயர் பழசு, சரக்கு புதுசு

2012-ல் ஒரு செய்தி வந்தது. "மோஸ்ட் வான்டட்" மறுபடி வருகிறது! ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

வந்தது. பெயர் அதே. ஆனால் செய்தவர்கள் வேறு. பழையதைச் செய்தது கனடாவின் பிளாக் பாக்ஸ் நிலையம். புதியதைச் செய்தது இங்கிலாந்தின் கிரைட்டீரியன் நிலையம். படம் அழகு. வேகம் அபாரம். பத்திரிகை விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் அந்தக் கதை இல்லை. அந்த வில்லன் இல்லை. 15 பேர் பட்டியல் 10 ஆகிவிட்டது. ஒவ்வொரு காராகப் பாடுபட்டு வாங்கிச் சேர்த்தது போய், ஊரெங்கும் நிற்கும் கார்களில் ஏறிக்கொண்டு போகலாம் என்று ஆகிவிட்டது.

"எங்கள் ஆட்டம் எங்கே?" என்று பழைய ரசிகர்கள் கேட்டார்கள்.

இது வேடிக்கையான வழக்கு. கம்பெனி சொல்லும்: "பழையதைவிட நல்லதாகத்தானே செய்தோம்?" ரசிகர் சொல்வார்: "நல்லதை யார் கேட்டது? அதைத்தானே கேட்டேன்!"

அந்த நீலவெள்ளிக் காரின் மவுசு இன்னும் குறையவில்லை. 2019-ல் வந்த "ஹீட்" ஆட்டத்தில் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு காருக்காக ஏங்கும் கூட்டம் உலகெங்கும் இருக்கிறது.

கண் செய்யும் மாயம்

பழைய ஆட்டம் நிஜமாகவே அழகாக இருந்ததா? அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு.

பாமிகாம் பெட்டி காட்டும் படத்தில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. இன்றைய சாதாரண டி.வி.யில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. அன்றைய டி.வி. பெரிய கண்ணாடிக் குழாய். அது படத்தைக் கோடு கோடாக வரையும். புள்ளிகளின் ஓரம் சற்றே கரைந்து ஒன்றோடொன்று கலக்கும். அதனால் கட்டம் கட்டமான காரும் வழவழப்பாகத் தெரிந்தது.

அதே ஆட்டத்தை இன்றைய தட்டை டி.வி.யில் போட்டால் ஒவ்வொரு கட்டமும் செங்கல் போலத் துருத்தி நிற்கும். "இவ்வளவு மோசமாகவா இருந்தது?" என்று தோன்றும். இல்லை. அன்று கண்டது வேறு. இன்று காண்பது வேறு.

மனம் செய்யும் மாயம்

கண்ணைவிடப் பெரிய மாயக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் மனம்.

1688-ல் யோஹான்னஸ் ஹோபர் என்ற சுவிட்சர்லாந்து வைத்திய மாணவர் ஒரு வியாதிக்குப் பெயர் சூட்டினார். ஊரை விட்டுத் தூரம் போனவர்கள் வீட்டை நினைத்து உருகி உடம்புக்கு முடியாமல் போகிறார்கள் என்று கண்டு, அதற்கு "நாஸ்டால்ஜியா" என்றார். வீடு திரும்பும் வேதனை என்று பொருள். இன்று யாரும் அதை வியாதி என்பதில்லை. ஆனால் அந்த வேதனை போகவில்லை. ஓசூரில் அறை எடுத்துத் தங்கும் கடத்தூர்க்காரரைக் கேளுங்கள், சொல்வார்!

மனித ஞாபகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு என்று உளநூலார் கண்டிருக்கிறார்கள். நடு வயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வருகின்றன. முதல் சினிமா, முதல் வேலை, முதல் வண்டி எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன. புதிதாக நடந்தது ஆழமாகப் பதிகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. கொசுக்கடி மறந்துபோகும். கரண்ட் போனது சிரிப்பாகிவிடும். தம்பியோடு போட்ட சண்டை இனிப்பாகிவிடும். ஆகவே, அண்ணன் "அந்த ஆட்டம்" என்று சொல்லும்போது ஆட்டத்தை மட்டுமா சொல்கிறார்? பள்ளிக்கூட விடுமுறை அதில் இருக்கிறது. அம்மா அடுக்களையிலிருந்து போட்ட அதட்டல் இருக்கிறது. கூடவே உட்கார்ந்திருந்த நாலு சிநேகிதர்கள் இருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரு கம்பெனி தகட்டில் அடைத்து விற்க முடியுமா?

பிரேசில் காட்டிய வழி

முடியாது. ஆனால் பழைய ருசியைப் புரிந்துகொண்டு சமைத்தால் ரசிகர் மகிழ்வார். அதற்கு நல்ல உதாரணம் பிரேசில் நாடு.

1992-ல் வந்த "டாப் கியர்" என்ற கார்ப் பந்தய ஆட்டம் பிரேசில் பிள்ளைகளின் உயிர். நம் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கார் எப்படியோ, அப்படி. அந்த நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் அக்கிரிஸ் என்ற நிலையம் 2015-ல் "ஹொரைசன் சேஸ்" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பழையதை அப்படியே நகல் எடுக்கவில்லை. பெயரையும் எடுக்கவில்லை. பழைய ஆட்டத்துக்கு இசை அமைத்த பாரி லீட்ச் என்பவரையே தேடிப் பிடித்து இசை அமைக்கச் சொன்னார்கள். ஆட்டம் உலகெங்கும் ஓடியது. கார் உருவம் புதிது. காதில் விழுந்தது மட்டும் பழைய நாட்கள்!

"ரோடு ராஷ்" ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. அதேபோல ஓர் ஆட்டம் செய்வதாகச் சிலர் 2013-ல் சொன்னபோது, ரசிகர்கள் முன்பணமாக 1 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அது "ரோடு ரிடெம்ப்ஷன்" என்ற பெயரில் 2017-ல் முழுமையாக வெளிவந்தது. உதையும் தடியடியும் அதில் உண்டு!

ஏக்கத்தைக் காசாக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1999-ல் வந்த "கிராஷ் டீம் ரேசிங்" ஆட்டத்தை ஆக்டிவிஷன் கம்பெனி 2019 ஜூனில் புதுப்பித்து விற்றது. ரசிகர்கள் ஆசையோடு வாங்கினார்கள். சில வாரம் கழித்து, ஆட்டத்துக்குள் உள்ள பொருள்களை மேலும் காசு கொடுத்து வாங்கலாம் என்று கடை திறந்தார்கள். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டு, அப்பளத்துக்குக் காசு கேட்டால் கோபம் வராதா?

காசு கொடுத்தும் சொந்தமில்லை!

இனி வருவது பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

அந்தக் காலத்துக் கேசட் சொந்தப் பொருள். 25 ஆண்டுக்குப் பிறகும் பரணிலிருந்து எடுத்து, ஊதிச் செருகலாம். இன்றைய ஆட்டங்கள் பலவும் அப்படி அல்ல. தூர தேசத்தில் உள்ள கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டேதான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தினால் ஆட்டமும் நின்றுவிடும்.

நடந்த கதை இது. பிரான்சு நாட்டின் யூபிசாப்ட் கம்பெனி 2014-ல் "தி குரூ" என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்து அதில் கார் ஓட்டவிட்டது. 2024 மார்ச் 31-ல் அதன் கம்ப்யூட்டர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் ஆட முடியவில்லை. தகடு கையில் இருக்கிறது. கார் இல்லை!

இதைக் கண்டு ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் கிளர்ச்சி தொடங்கினார். "விற்ற ஆட்டத்தைக் கொல்லாதே" என்பது கோரிக்கை. ஐரோப்பிய நாடுகளில் இதற்காகத் திரட்டிய கையெழுத்து 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. யூபிசாப்ட் கம்பெனியும் இறங்கி வந்தது. அதே வரிசையில் வந்த அடுத்த ஆட்டங்களைத் தொடர்பு இல்லாமலே ஆட வழி செய்வதாக 2024-ல் அறிவித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும் அதே ஆண்டு ஒரு சட்டம் செய்தது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது சொந்தப் பொருளா, வெறும் உபயோக அனுமதியா என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கார்ப் பந்தய ஆட்டங்களுக்குத் தனியாக ஒரு கஷ்டமும் உண்டு. அவற்றில் நிஜக் கார்களின் பெயரும் உருவமும் இருக்கின்றன. பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கார் கம்பெனிகளிடமும் பாட்டுக் கம்பெனிகளிடமும் அனுமதி வாங்க வேண்டும். தவணை முடிந்தால் ஆட்டத்தையே விற்க முடியாது. 2018-ல் வந்த "போர்சா ஹொரைசன் 4" என்ற பெயர் பெற்ற ஆட்டம் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் ஆடலாம். புதிதாக ஆசைப்படுகிறவர் வாங்க முடியாது.

ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? உள்ளே போனபிறகு இன்னும் காசு கேட்குமா?" இன்று பிள்ளை ஆடும் ஆட்டம் நாளை அவன் நினைவு. அது நாளைக்கும் இருக்க வேண்டாமா?

இரண்டாவது ரிமோட்

சரி, அந்தப் பையன் போனில் ஓட்டும் பஸ் என்ன பஸ்? "பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா" என்ற ஆட்டம் அது. இந்தோனேசியாவின் மலேயோ என்ற கம்பெனி 2017-ல் வெளியிட்டது. ரசிகர்களே பஸ் உருவம் செய்து அதில் சேர்க்கலாம் என்று வழி திறந்து வைத்தது. விடுவார்களா நம்மவர்கள்? தமிழ்நாட்டு அரசு பஸ், தனியார் பஸ், ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். தான் ஏறிப் போகும் பஸ்ஸைத் தானே ஓட்டுகிறான் பையன். இன்னும் இருபது ஆண்டு கழித்து அவனும் சொல்லப்போகிறான்: "என்ன இருந்தாலும் அந்தப் பஸ் ஆட்டம் மாதிரி வருமா?"

அப்படியானால் மூன்று பேர் சொன்னதும் சரிதானே! உலகத்தில் சிறந்த ஆட்டம் எது என்ற கேள்விக்கு விடை இல்லை. தன் ஆட்டம் எது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் விடை உண்டு.

கம்பெனிகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய பெயரைப் போட்டால், அந்தப் பெயரோடு ரசிகர் சேர்த்து வைத்திருக்கும் கதையையும் மதிக்க வேண்டும். ரசிகர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. எட்டு வயதுச் சந்தோஷத்தை முப்பத்தைந்து வயதில் கடையில் தேடினால் அகப்படாது. அதைப் பாதியாவது திருப்பித் தரக்கூடியது ஒன்றுதான். கூட உட்கார ஓர் ஆள்! நுங்கு வண்டிக்கும் அதுதானே தேவைப்பட்டது?

கடத்தூர் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். அண்ணன் பரணில் கை விட்டுத் துழாவுகிறார். தூசி படிந்த பெட்டி. மஞ்சள் கேசட். ஊதிச் செருகுகிறார். சிவப்புக் கார் சாலையில் நிற்கிறது. செங்கல் போலத்தான் இருக்கிறது. யாரும் கவலைப்படவில்லை.

"அப்பா, எனக்கு ஒரு தடவை குடுங்கப்பா!" என்கிறான் பையன்.

"இருடா, இந்தக் கார் செத்ததும் தர்றேன்" என்கிறார் அப்பா.

சித்தப்பா சிரித்துக்கொண்டே இரண்டாவது ரிமோட்டைப் பையன் கையில் கொடுக்கிறார். இந்தத் தடவை அது பெட்டியோடு சேர்ந்துதான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு!